இரண்டாவது வரிசையில் அக்கா

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் சாயங்கால பஸ்ஸில் அக்காவின் போன் அடித்தால், கண்டக்டர் பாட்டைக் குறைக்கச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டுவார். நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம்.

“சொல்லுங்க சார். ஆமா சார், லோன் வாங்கினவதான் பேசுதேன்.”

எடுத்ததும் இதைத்தான் சொல்வாள். அதே பஸ்ஸில் அதே மாதிரி போன் வருகிறவர்கள் இன்னும் சிலர் உண்டு. நம்பரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்துப் பைக்குள் போடுவார்கள். இல்லையென்றால் துப்பட்டாவால் வாயைப் பொத்தி, ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு ராங் நம்பர் என்பார்கள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, திருவிழாக் கூட்டத்தில் ஆளைத் தேடுகிற குரலில் பேசுவாள். சம்பளம் வந்ததும் முடிந்ததைக் கட்டுகிறேன், முழுத் தவணை கட்ட முடியாது, ஏன் முடியாது என்றும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்பாள். எங்கள் கம்பெனியில் பேண்டேஜ் துணிதான் இருக்கிறது, வேண்டுமானால் ஒரு பண்டல் அனுப்பவா என்று கேட்பாள். பஸ்ஸே சிரிக்கும்.

ஒருநாள் அந்தப் பக்கம் பேசியவன் வேலைக்குப் புதுசு போல. ரொம்ப விறைப்பு. படித்தவர்தானே நீங்கள், வாங்கினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்கிற அறிவு வேண்டாமா என்கிற அளவுக்குப் போய்விட்டான். அக்கா கோபப்படவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க என்ன சார் படிச்சிருக்கீங்க?”

எம்.பி.ஏ. என்றான்.

“லோனா?”

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. அதற்குப் பிறகு, எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சின்னக் குரலில் வந்தது.

“ஆமாக்கா.”

அதற்கப்புறம் மாதாமாதம் அவன்தான் கூப்பிட்டான். அவன் கேட்க வேண்டியதைக் கேட்பான், அவள் சொல்ல வேண்டியதைச் சொல்வாள், கடைசியில் சாப்பிட்டியா தம்பி என்று முடியும்.

அக்காவும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே தெரு. அவள் சிவில் இன்ஜினியரிங் படித்தவள், எங்கள் தெருவுக்கே முதல் இன்ஜினியர். நான் அப்போது ராஜபாளையத்தில் காலேஜ் போய்க்கொண்டிருந்தேன். அவள் அங்கேயே ஒரு பேண்டேஜ் கம்பெனியில், காஸ் துணிப் பாக்கெட்டில் நூல் பிரிந்திருக்கிறதா, சீல் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலையில் இருந்தாள். பாலம் கட்டப் படித்தவள் காயம் கட்டுகிற துணியைப் பார்க்கிறேன், ரெண்டும் கட்டுறதுதானே என்பாள். அவள் படித்து முடித்த வருஷம் காலேஜுக்குக் கம்பெனி எதுவும் ஆளெடுக்க வரவில்லை. வருவதாகச் சொல்லித்தான் அந்தக் காலேஜ் அவ்வளவு ஃபீஸ் வாங்கியிருந்தது. கிடைத்த சம்பளம் மாதத் தவணையை விடச் சின்னது. அவள் கட்டுவது வட்டிக்கே காணாது, அசல் அப்படியே இருக்கும்.

“படிச்சதுக்கும் வட்டி, ஏட்டி. படிச்சது மறந்து போச்சுல்ல, அதுக்கும் வட்டி.”

எங்கள் வீட்டில் நாலு பேர் என்பாள். அப்பா, அம்மா, நான், லோன். ரேஷன் கார்டில் மட்டும்தான் அதற்குப் பெயர் இல்லை, மற்றபடி எங்களோடுதான் சாப்பிடுகிறது, எங்களை விட நன்றாகச் சாப்பிடுகிறது என்பாள். யார் வீட்டுக்கு வந்தாலும் நலம் விசாரிப்பதோடு சேர்த்து லோன் எப்படி இருக்கிறது என்று கேட்கும்படி ஆக்கிவைத்திருந்தாள்.

அவளைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. இதை மட்டும் சொல்லிவிடாதே என்று அவள் அம்மா முந்தின நாளிலிருந்து கெஞ்சியிருந்தார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். கல்யாணப் பேச்சில் கல்விக் கடனை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். கல்யாணம் முடிந்து, மறுவீடு முடிந்து, என்றைக்காவது ஒரு போனில்தான் அது வெளியே வரும். அக்கா கேசரித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அத்தை எத்தனை பவுன் என்று ஆரம்பித்தார். நகையை விடுங்கத்தை, லோன் இருக்கு, அதை மொதல்ல பேசிருவோம் என்று தட்டை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் கேசரியைச் சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். அப்புறம் தகவலே இல்லை.

அம்மா அழுதபோது அவள் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

“மறைச்சுக் கட்டிக்கிட்டுப் போயிட்டேன்னு வையி. அந்த வீட்டுல இருக்கும்போது போன் அடிக்கும்லா. நான் எந்த ரூமுக்குள்ள போயிப் பேசுவேன்?”

இப்போது நான் வேலை பார்க்கிற ஊரில், ஆபீஸில் யாராவது போனைப் பொத்திக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினால் எனக்கு உடனே தெரிந்துவிடும். ஓடுகிறவர்களின் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் ஞாபகம் வரும்.

அவளுக்குப் பயமே கிடையாது என்று நினைத்துவிடக் கூடாது. ஒன்று இருந்தது. கடன் பத்திரத்தில் அவளோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டது அவள் அப்பா. ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர், அதிகம் பேசமாட்டார். ஆடிப்பூரத் தேருக்கு மட்டும் மில்லுக்கு லீவு போடுவார். வருஷம் தவறாமல் ஒரே இடத்தில், வடத்தின் முன்பாதியில், தெரிந்த ஆட்களோடு நின்று இழுப்பார். அன்றைக்கு மட்டும் அவர் தெருவில் நடப்பதைப் பார்த்தால் கொஞ்சம் உயரமாகிவிட்ட மாதிரி இருக்கும்.

“வாங்குனது நான், நான் சொல்லிக்கிடுவேன். என்னய யாரு என்ன சொன்னாலும் ஒண்ணுமில்ல. அவரு தலையக் குனிஞ்சிறக் கூடாது, அம்புட்டுதான்” என்று ஒருதடவை பஸ்ஸில் சொன்னாள். அன்றைக்குத்தான் அவள் மெதுவாகப் பேசி நான் பார்த்தது.

சேத்தூருக்குப் போன கதையையும் சொல்ல வேண்டும். அவளோடு படித்தவன் ஒருவன் அந்த ஊர். அவனுக்கும் லோன். சிம் கார்டை மாற்றிவிட்டு, யார் தேடி வந்தாலும் வெளிநாடு போய்விட்டான் என்று வீட்டில் சொல்லவைத்து, தோப்பிலேயே கிடந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கையில் ஒரு ஃபைல், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. வாய்க்கால் வரப்பில் எங்களைப் பார்த்ததும் அவன் எழுந்தான் பாருங்கள், நேரே நாற்று நட்ட வயலுக்குள் விழுந்தடித்து ஓடினான். பேங்கிலிருந்து பெண்களை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். ஏலே நில்லு, நான் பேங்க் இல்ல, ஒன் கிளாஸு என்று அக்கா வரப்பிலிருந்து கத்தினாள். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டுதான் அவன் பேசினான். வயல்காரர் ஒரு பக்கம் நாற்றைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

“ஓடுததுக்கு இம்புட்டுத் தெம்பு இருக்குல்லா. அதுல பாதிய வச்சு போன எடு. நீ ஒளிஞ்சா ஒங்கம்மால்ல பொய் சொல்லணும்.”

கட்ட முடியாததற்கு அவள் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒளிந்ததற்குத்தான் திட்டினாள். அந்த ஃபைலில் இருந்தது, தவணையைக் குறைத்துத் தரும்படி பேங்குக்கு அவள் கொடுத்திருந்த மனுவின் நகல். அதைப் பார்த்து அவனும் ஒன்று எழுதிக் கொடுக்கட்டும் என்றுதான் கொண்டுபோயிருந்தாள்.

அந்த ஆடி மாதம்தான் அது நடந்தது. சாயங்காலம் நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது அவள் வீட்டு நடுக்கூடத்தில் ஒரு பால்கோவா டப்பா திறந்து கிடந்தது. பக்கத்தில் மடிப்புக் கலையாத ஒரு சால்வை. அப்பா வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அம்மா எங்களைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். எங்கள் தெரு பலசரக்குக் கடை அண்ணாச்சி தேர் ஓடுகிற வீதியில் வண்டியில் போயிருக்கிறார். பேங்க் வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் போர்டு. வரிசை வரிசையாகப் பாஸ்போர்ட் படங்கள், அதில் அக்கா. எங்கள் ஊரில் படித்த பிள்ளைகளின் படத்தை வரிசையாகப் போட்டு ஃப்ளெக்ஸ் கட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மார்க் எடுத்திருக்கிறார்கள், பரீட்சையில் பாஸாகியிருக்கிறார்கள், கோச்சிங் சென்டர்க்காரன் பெருமைக்குக் கட்டியிருக்கிறான். பேங்க் வாசலிலேயே கட்டியிருக்கிறதென்றால் பாப்பாவுக்குப் பேங்கில் வேலை கிடைத்துவிட்டது. அண்ணாச்சி வண்டியைக்கூட நிறுத்தவில்லை. பால்கோவாவும் சால்வையும் வாங்கிக்கொண்டு நேரே வந்து, அவள் அப்பாவுக்குப் போர்த்தி, வாயில் ஊட்டியும் விட்டார்.

எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றுதான் அப்பா கேட்டாராம். ஆச்சரியப்படுத்த நினைத்திருப்பாள் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டாராம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு, பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார்.

கிட்டே போய்ப் படித்திருக்கிறார். கல்விக் கடன் கட்டத் தவறியவர்கள் என்று மேலே பெரிய எழுத்தில் இருந்தது. இரண்டாவது வரிசையில் மகள். பக்கத்தில் ஜாமீன் போட்டவர் என்று அவருடைய படம். கடன் விண்ணப்பத்தில் ஒட்ட ஸ்டுடியோவில் எடுத்தது. மகளுக்கு சீட் கிடைத்த அன்றைய சந்தோஷம். பாஸ்போர்ட் படத்தில் சிரிக்கக் கூடாது என்று ஸ்டுடியோக்காரர் சொல்லியும் கேட்காமல் சிரித்திருந்தார். அந்தச் சிரிப்போடுதான் தேர் போகிற வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தேருக்கு நான் வரல” என்றார் சுவரைப் பார்த்தபடி.

நான் என்னவெல்லாம் யோசனை சொன்னேன் தெரியுமா. கலெக்டருக்கு மனு, ஒரு வீடியோ, விடிவதற்குள் போய் பிளேடால் கிழித்துவிடலாம் என்றுகூட. ஏட்டி, செத்த நேரம் சும்மா இரேன் என்றாள். அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. அவள் அத்தனை நாளும் பஸ்ஸில் உரக்கப் பேசியதே, பேச்செல்லாம் அவளோடு நிற்கட்டும், அவர் வரை போகக் கூடாது என்பதற்காகத்தான். அவர் வரை போய்விட்டது.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு பேங்குக்குப் போனோம். மேனேஜர் அந்தக் கிளைக்குப் புதியவர், வயசும் அதிகமில்லை. எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். என் படம் இருக்கட்டும், அப்பா படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று அக்கா கேட்டாள். அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டவர்தானே, மேலே இருந்து சொன்னதைத்தான் செய்திருக்கிறோம் என்று மேனேஜர் மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“அப்ப என் படத்த மாத்துங்க சார். அது பிளஸ் டூ முடிச்சப்ப எடுத்தது, ரெட்டைச் சடை. இப்ப என்னயப் பாத்தா ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது. வாங்கினவ யாருன்னு தெரியணும்னுதான போர்டு வச்சிருக்கீங்க?”

அவர் படத்தை எடுக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. பக்கத்துக் கவுண்டரில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

வெளியே வந்து போர்டுக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் கேட்டாள், தேரன்னைக்கு இந்த வாசலில் யாராவது நீர்மோர்ப் பானை வைக்கிறார்களா என்று. தேரோட்டத்தன்று எங்கள் ஊரில் அது ஒரு வழக்கம். எந்தக் கடை வாசலிலும் யாரும் பானை வைக்கலாம். வேண்டாமென்று சொல்ல யாருக்கும் வாய் வராது, பேங்காக இருந்தாலும் சரி.

சேர்ந்து அந்த வாசலில் மோர் கொடுக்கக் கூப்பிடுவதற்காக, போர்டில் இருந்த ஒவ்வொருவரையும் தேடினாள். பாதிப் போன் அணைந்து கிடந்தது. சில வீடுகளில் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் அந்தப் பிள்ளையின் அண்ணன், நீ கெட்டது போதாதா என்று கேட்டான். கடைசியில் வந்தவர்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். நர்ஸிங் படித்துவிட்டு ஜவுளிக்கடையில் நிற்கிற ஒருத்தி, எம்.சி.ஏ. முடித்துவிட்டு டெலிவரி வண்டி ஓட்டுகிற ஒருவன், அப்புறம் சேத்தூர்க்காரன். வயலில் ஓடிய அதே கால்களோடு பானையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

தேரன்று காலையில் கிளம்பும்போது அக்கா அப்பாவைக் கூப்பிடவில்லை. படுத்திருந்தவரின் காலருகே நின்று, நான் அந்தப் போர்டுக்குக் கீழதான் நிக்கப்போறேன்ப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். அவர் திரும்பவில்லை.

ஓலைப் பந்தலைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினால் போர்டு முழுசாக மறைந்துவிடும் என்று சேத்தூர்க்காரன் சொன்னான். எனக்கும் அதுதான் நல்லதாகப் பட்டது.

“மறைக்கிறதுன்னா வீட்டுலயே இருந்திருக்கலாம்லாலே. எறக்கிக் கட்டு.”

இறக்கிக் கட்டினோம். எங்கள் தலைக்கு நேர் மேலே எங்கள் ஆட்களின் படங்கள். அக்கா மோரில் இஞ்சி தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, உப்பைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் வந்தவர்கள் டம்ளரை வாங்கிக்கொண்டு மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள், குடித்துவிட்டுப் பேசாமல் நகர்ந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும், வாங்கத் தெரிஞ்சதுல்ல, கட்டத் தெரியாதோ என்றார். நர்ஸிங் படித்தவள் கரண்டியைப் பானைக்குள் போட்டுவிட்டு என் பின்னால் வந்து நின்றாள்.

“கட்டிக்கிட்டுத்தான் மாமா இருக்கேன். குடிச்சுப் பாருங்க, உப்பு சரியா இருக்கா?”

அவர் குடித்தார். சரியாக இருக்கிறது என்று சொல்லவும் வேண்டியதாகிவிட்டது.

அதன் பிறகு ஒரு அம்மாள் வந்து, நீதான இது என்று மேலே காட்டினார். அக்கா ஆமா அத்தை, ரெண்டாவது வரிசை என்றாள். எம்புட்டு என்று கேட்டார். அக்கா வழக்கம்போல உரக்கச் சொன்னாள். அந்த அம்மாள் டம்ளரைத் திருப்பித் தராமல் இன்னும் கிட்டே வந்தார். எம்பொண்ணுக்கும் அம்புட்டுதான்மா, இன்னும் அவிய மாமியா வீட்டுக்குத் தெரியாது என்றார். இது பக்கத்தில் நின்றவர் காதில் விழுந்து, அவர் தன் மகனைப் பற்றி ஆரம்பித்தார். நான் கண்ணால் பார்த்தேன், பந்தலுக்கு வந்தவர்கள் குடித்த பிறகும் நகரவில்லை. ஊரில் இவ்வளவு பேர் இதைப் பேச இடமில்லாமல் இருந்திருக்கிறார்கள். பேங்க் ஜன்னல் திரையை யாரோ விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார்கள்.

அந்த ஃப்ளெக்ஸ் பிற்பாடு என்ன ஆயிற்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேர் முடிந்த வாரமே மேனேஜர் அதை அவிழ்க்கச் சொல்லிவிட்டார். அக்கா போய் அதைக் கேட்டு வாங்கிவந்தாள். ரொம்ப நாள் அவள் அப்பாவின் டி.வி.எஸ். வண்டிக்கு மழை படாமல் மூட அதுதான் உதவியது. மனுவுக்கும் பதில் வந்து தவணை குறைந்தது. கடன் உடனே தீர்ந்துவிடவில்லை. அவள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறாள், இன்னும் உரக்கத்தான் பேசுகிறாள்.

அன்றைக்குக் கோவிந்தா கோஷம் வீதி முனையில் கேட்டதும் கூட்டம் ஓரமாக ஒதுங்கியது. முதலில் வடம் வந்தது, அதற்கு எவ்வளவோ பின்னால் தேர், மாடிகளுக்கு மேலே அசைந்துகொண்டு. அக்கா வடம் பிடித்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்பா வழக்கமாக நிற்கிற இடத்தில் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் குனிந்து இழுத்துக்கொண்டிருந்தார். துண்டு எப்படி மறைத்தால் என்ன, கை தெரியுமே.

அவர் எங்கள் பந்தலுக்கு நேரே வரும்போது பின்னால் தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார்கள். தேர் நின்றது. அக்கா ஒரு டம்ளரை நிரப்பிக்கொண்டு வடத்துக்குள் நுழைந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

அவர் டம்ளரை வாங்கவில்லை. அவளைப் பார்த்தார், அவளுக்கு மேலே போர்டைப் பார்த்தார். துண்டு நழுவித் தோளில் விழுந்தது, எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

“என்னய ஏம்மா சிரிச்சாப்புல போட்டிருக்கான்?”

“நீங்கதானப்பா சிரிச்சீங்க. எனக்கு சீட்டுக் கெடச்ச அன்னைக்கு.”

கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் டம்ளரை வாங்கிப் பாதி குடித்தார். மீதியைப் பக்கத்தில் வடம் பிடித்திருந்த வெளியூர் ஆளிடம் நீட்டினார். அந்த ஆள் வாங்கிக்கொண்டு, யார் கொடுத்தது என்கிற மாதிரிப் பார்த்தார்.

“எம்மக” என்றார் அப்பா. அதோடு நிறுத்தவில்லை. வடத்திலிருந்து ஒரு கையை எடுத்து மேலே நீட்டினார். “அந்தா, ரெண்டாவது வரிசையில. பக்கத்துல நான்.”

கட்டையை எடுத்தார்கள். வடம் விறைத்தது.